ஸ்கோப் வாங்கும் முன்

என்.சி.சி.யில் 25 மீட்டர் தூரத்தில் படுத்துக்கொண்டு .22 ரைஃபிளைச் சுட்டு, ஐந்து தோட்டாவும் நெருக்கமாக விழுவதைப் பார்த்துவிட்ட மாணவருக்கு ஆசை பிடித்துக்கொள்ளும். அருப்புக்கோட்டையானாலும் திருச்சுழியானாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: எந்த ஸ்கோப் வாங்கலாம்?

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் ரைஃபிளிலும் அதற்கு அனுமதி இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் தகுதிச் சுற்றில் 60 முறை சுட்டு 630.7 புள்ளி எடுத்தார். இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி எதுவும் அவர் ரைஃபிளில் கிடையாது. அவர் குறிவைத்த பத்தாம் வளையத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்.

அங்கே பயன்படுவது பீப் சைட். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம். துளை வழியே பார்த்தால் முன்வளையமும் அதற்குள் இலக்கின் கறுப்பு வட்டமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் நிறுத்துவது நம் கண்ணுக்குக் கைவந்த வேலை. துளை சிறிதாக இருப்பதால் முன்வளையம், இலக்கு இரண்டுமே ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. வெளிச்சத்தைப் பொறுத்து, துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் பலருக்கும் சரியாக வரும்.

புதியவர்கள் தவறுவது முன்வளையத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். கறுப்பு வட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் சின்ன வளையம் துல்லியமாகத் தோன்றும். ஆனால் சுற்றிலும் வெள்ளை இடைவெளி மெலிந்துபோனால் வட்டம் ஒரு பக்கம் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது; இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மூச்சடக்கி நிற்கும்போது கை நடுங்கத் தொடங்கும். தாராளமான வளையத்தையே எடுங்கள்.

பீப் சைட்டுக்குப் பணம் இல்லையென்றாலும் வழி உண்டு. இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தின் போட்டிகளில் ஓபன் சைட் பிரிவும் இருக்கிறது. பின் சைட்டின் வெட்டுக்குள் முன் சைட்டின் தலை சமமாக நிற்க வேண்டும். கண் முன் சைட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும், இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. நம் ஊர் வெயிலில் முன் சைட்டின் ஒரு பக்கம் பளபளத்தால் குறி சாய்ந்துவிடும். கற்பூரப் புகையைப் பிடித்துக் கறுப்பாக்குவது பழைய முறை. இன்றும் பலன் தரும்.

இனி சைட்டைத் திருத்துவது. ஒரு பெல்லட் விலகியதுமே திருகைத் தொடக்கூடாது. ஒரே நிலையில் ஐந்து சுடுங்கள். ஐந்தும் சிதறினால் கோளாறு பிடியிலோ டிரிகரிலோ இருக்கிறது. சைட்டைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது. ஐந்தும் ஓரிடத்தில் குவிந்து, குவியல் மட்டும் தள்ளி நின்றால்தான் திருத்தம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். திருகில் உள்ள குறியை நம்பிவிடாதீர்கள்: சில ஜெர்மன் சைட்டுகளில் அது குண்டு எங்கே விழுந்தது என்பதைக் குறிக்கும், வேறு சிலவற்றில் குண்டு எங்கே நகரும் என்பதை. பத்து கிளிக் திருப்பிச் சுட்டு, ஸ்கேலால் அளந்து, ஒரு கிளிக்குக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கின் அருமை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தெரிந்தது. இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் அபினவ் பிந்த்ராவின் சோதனைச் சுடுதல் நான்காம் வளையத்தருகே போய் விழுந்தது. சைட் நகர்ந்திருந்தது. இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அதைத் திருத்தி, கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். தன் சைட்டை விரல் நுனியில் அறிந்தவரால்தான் அது முடியும்.

50 மீட்டருக்குப் போனால் இன்னொரு சிக்கல். வெயில் ஏறியதும் கரிசல் காட்டுக்கு மேலே அனல் அலையும், இலக்கும் கூடவே ஆடும். ஆடிக் காற்றும் சும்மா விடாது: மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று .22 தோட்டாவை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். அந்தத் தூரத்தில் பத்தாம் வளையமே 10.4 மில்லிமீட்டர்தான். சைட் சரிபார்ப்பை விடியற்காலையில், காற்று அடங்கியிருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு அல்ல, வீட்டில் காகித இலக்கைச் சுட மட்டும்தான் என்றால் ஸ்கோப் வாங்கலாம். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் உதறும். அதைத் தாங்குவதற்கென்றே செய்யப்படாத ஸ்கோப் விரைவில் கெடும். பத்து மீட்டருக்கு ஃபோகஸ் திருத்தும் வசதியும் வேண்டும்; இல்லாவிட்டால் தலை அசையும்போதெல்லாம் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும். நான்கு மடங்கு உருப்பெருக்கம் போதும். அதைக் கூட்டினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். கால் எம்.ஓ.ஏ. (சிறு கோண அளவு) கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும், 10 மீட்டரில் 0.7 மட்டுமே. பத்து மீட்டரில் நாலைந்து கிளிக் திருப்பியும் பெரிதாக மாற்றம் தெரியவில்லையே என்று பதற வேண்டாம்.

0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் தேவை. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் சுடாதீர்கள். கண்மாய்க் கரையில் நிற்கும் மயிலையும் முள்காட்டுக் கவுதாரியையும் முயலையும் குறிவைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.