ஐந்தாவது இடத்தில் 'ஓ' அல்ல, பூஜ்யம்!

ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப ஐஎஃப்எஸ்சி கோடை டைப் செய்கிறீர்கள். உடனே சிவப்பு எழுத்தில் 'தவறு' என்கிறது ஆப். வங்கிக்கு விஷயம் போகும் முன்பே அதற்கு எப்படித் தெரிந்தது?

'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்ற குட்டி வாய்பாடுதான் காரணம். 1950-களில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் க்ளீனி தந்த யோசனை இது. ஐஎஃப்எஸ்சி-யில் மொத்தம் 11 இடங்கள். முதல் 4 வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், 5-வது எப்போதும் பூஜ்யம், கடைசி 6 கிளைக்கு உரியவை. இந்த வரிசையை வாய்பாடாக எழுதிவைத்தால், இடம் மாறிய எழுத்து சிக்கிவிடும். பலர் கோட்டைவிடுவது அந்த 5-வது இடத்தில்தான். பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ'வைத் தட்டிவிடுவார்கள்.

ஆனால், கணக்கு எண்ணில் இந்தக் காவல் அவ்வளவாகப் பலிக்காது. வங்கிக்கு வங்கி இலக்கங்களின் எண்ணிக்கையே மாறும். 7-க்குப் பதில் 1 போட்டாலும் வடிவம் சரியாகத்தான் இருக்கும். பணம் யாரோ ஒருவருக்குப் போய்விடலாம். இதைத் தடுக்கத்தான், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் சேவைகளில் பணம் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-ம் தேதிக்குள் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பட்டனை அழுத்தும் முன், திரையில் வருவது அம்மாவின் பெயர்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.