ஓஎல்இடி: உள்ளே சிக்கும் ஒளியை மீட்கும் வழிகள்

மின்சாரம் பாயும்போது தானே ஒளிரும் கரிமச் சேர்மங்களால் ஆனது ஓஎல்இடி. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் இரண்டடுக்குச் சாதனத்தை 1987இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்டனர்.

வழக்கமான அமைப்பில் கண்ணாடித் தகட்டின் மீது இண்டியம் வெள்ளீய ஆக்சைடாலான ஒளிபுகும் மின்வாய் இருக்கும். அதன் மேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் கரிம அடுக்குகள், உச்சியில் அலுமினியம் போன்ற உலோக மின்வாய். ஒளி கண்ணாடி வழியே வெளிவரும்.

ஆனால் ஒளி முழுவதும் வெளிவருவதில்லை; சிக்கல் ஒளிவிலகல் எண்ணில் உள்ளது. கரிம அடுக்குக்கு இது சுமார் 1.7; ஒளிபுகும் மின்வாய்க்கு 1.8 முதல் 2 வரை, கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. கண்ணாடியிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளி ஏறத்தாழ 42 பாகைக்கு மேல் சாய்ந்தால் முழு அக எதிரொளிப்பால் திரும்பிவிடும். ஒரு பகுதி கரிம அடுக்குக்கும் மின்வாய்க்கும் உள்ளேயே பக்கவாட்டில் ஓடி மடிகிறது. இன்னொரு பகுதியை உலோகப் பரப்பின் எலக்ட்ரான் அலைகள் விழுங்குகின்றன. எளிய சாதனத்தில் வெளிவருவது ஐந்தில் ஒரு பங்குதான்.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் நுண்வில்லைகளைப் பதித்தால் கண்ணாடிக்குள் சிக்கிய ஒளி மீளும். மின்வாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒளியைச் சிதறடிக்கும் படலம் வைப்பது உள்ளடுக்கில் சிக்கியதை மீட்கும். ஒளிவிலகல் எண் குறைந்த கடத்தும் பாலிமரை மின்வாயாக்குவதும், ஒளிரும் மூலக்கூறுகளைத் தகட்டுக்கு இணையாகப் படுக்கவைப்பதும் பலன் தருகின்றன. வெளியீடு கூடினால் அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். சாதனத்தின் ஆயுளும் நீளும்.