தனியாக நிற்கும் ஒரு சுவர்

நம் லயத்தின் கடைசிக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். அதன் பக்கச் சுவர் றோட்டைப் பார்த்தபடி இருக்கும். லயம் முழுவதையும் இடித்துவிட்டு அந்த ஒரு சுவரை மட்டும் விட்டு வைத்தால், "இதென்ன கூத்து!" என்று கேட்போம், இல்லையா?

வட அயர்லாந்தில் டெரி என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே அப்படி ஒரு சுவர் இன்றைக்கும் வீதி நடுவே தனியாக நிற்கிறது. "நீங்கள் இப்போது சுதந்திர டெரிக்குள் நுழைகிறீர்கள்" என்று அதில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஏன் அப்படி எழுதினார்கள்? வாங்க, பார்ப்போம்.

1960களில் டெரியில் கத்தோலிக்க மக்கள்தான் கூடுதலாக இருந்தார்கள். ஆனால் நகரசபை அவர்கள் கையில் இல்லை. காரணம் இரண்டு. தேர்தல் வட்டாரங்களைப் பிரித்த விதம் ஒன்று. பெரும்பான்மை மக்களை ஒரே வட்டாரத்துக்குள் அடைத்துவிட்டார்கள். ஓட்டுச் சட்டம் மற்றது. பெரும்பாலும் வீட்டுக்கு உரியவருக்கும் அவருடைய துணைக்கும்தான் நகரசபைத் தேர்தலில் ஓட்டு. தாய் தகப்பனோடு ஒரே வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்கு இல்லை. அடுத்தவர் வீட்டில் வாடகை அறையில் இருப்பவருக்கும் இல்லை.

அப்படியானால் ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தால் ஓட்டும் கொடுத்த மாதிரி. அதனால் வீடு கொடுப்பதிலேயே பாரபட்சம் நடந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று குடும்பம் நெருக்கிக்கொண்டு கிடந்தன. அது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லோருக்கும் வீடு" என்று கேட்டு 1968 ஒக்டோபர் 5ஆம் திகதி மக்கள் ஊர்வலம் போனார்கள். பொலிஸார் தடியால் அடித்தார்கள். 1969 ஜனவரியில் ஓர் இரவு பொலிஸார் பொக்சைட் என்ற கத்தோலிக்கப் பகுதிக்குள் புகுந்து, ஜன்னல்களை உடைத்து, ஆட்களை அடித்தார்கள். சனங்கள் வீதிக்குக் குறுக்கே தடை போட்டு, "இனி இது எங்கள் இடம்" என்று காட்ட, ஒரு வீட்டு வரிசையின் கடைசிச் சுவரில் அந்த வசனத்தை எழுதினார்கள். அந்த வருஷம் ஓகஸ்ட் மாதம் சுவருக்கு வெள்ளையடித்து, கறுப்பு எழுத்தில் திருத்தமாக எழுதப்பட்டது. அந்த 1969லேயே ஓட்டுச் சட்டமும் மாற்றப்பட்டது.

ஆனால் கஷ்டம் தீரவில்லை. விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைப்பதை எதிர்த்து 1972 ஜனவரி 30ஆம் திகதி பெரிய ஊர்வலம் நடந்தது. கூட்டம் கடைசியில் இந்தச் சுவரடிக்கு மாற்றப்பட்டது. அன்று பிரித்தானிய இராணுவம் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள்; காயப்பட்ட இன்னொருவர் பின்னர் இறந்தார். இராணுவத்தின் மேல் பெரிய குற்றம் இல்லை என்றது முதல் விசாரணை. குடும்பத்தார் விடவில்லை. கடைசியில் 2010இல் இரண்டாவது விசாரணையின் அறிக்கை, சுடப்பட்டவர்களால் எந்த ஆபத்தும் இருக்கவில்லை என்று சொன்னது. பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 38 வருஷம் ஆயிற்று!

வீடுகளை எல்லாம் பின்னாளில் இடித்து வீதி போட்டார்கள். சுவரை மட்டும் விட்டு வைத்தார்கள். முன்பக்க வசனம் நிரந்தரம். ஆனால் பின்னணி நிறத்தை ஊர் மக்கள் அடிக்கடி மாற்றுவார்கள். ஒரு சமயம் இளஞ்சிவப்பு, இன்னொரு சமயம் பாலஸ்தீனக் கொடி. பின்பக்கத்தில் அந்தந்தக் காலத்துக்குரிய செய்தியை எழுதுவார்கள். டெரியும் நம் மலையைப் போல மழை ஊர்தான். யாராவது தூரிகை எடுக்காவிட்டால் எழுத்து மங்கிவிடும். 50 வருஷத்துக்கு மேலாக மங்க விடவில்லை.

அந்தச் சுவரைப் பார்க்க நாம் அயர்லாந்துக்குப் போக வேண்டாம். ஒரு வேலை மட்டும் செய்வோம். வீட்டில் 18 வயது நிறைந்த பிள்ளை இருக்கிறதா? அந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியிருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள். டெரியில் தாய் தகப்பனோடு இருந்த வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது அந்த ஓட்டுத்தான்.