லோடர் ஹோஸ் வெடித்தால்

டிராக்டருக்கு முன்னால் லோடர் பூட்டி எரு அள்ளுகிறவர்களுக்கும், சூளையில் மண் தள்ளுகிறவர்களுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் போவது புதிதல்ல. புதியதை மாட்டினால் வேலை ஓடிவிடும். ஆனால் அதே இடத்தில் ஹோஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்றால், கோளாறு ஹோஸில் இல்லை. அது போகும் பாதையில் இருக்கிறது.

எண்ணெய் பீறிட்டதும் எஞ்சினை நிறுத்துங்கள். சூடான சைலன்சரில் பட்டால் ஹைட்ராலிக் எண்ணெயும் தீப்பிடிக்கும். பக்கெட் தரையில் இருந்தால் நல்லது. லிவரை எல்லாப் பக்கமும் அசைத்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிடலாம். பக்கெட் மேலே நின்றுவிட்டால் கதை வேறு. எஞ்சின் நின்றாலும் அத்தனை எடையும் சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெயின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. லோடர் கைகளுக்கு உறுதியான முட்டுக் கொடுக்காமல் எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது, அடியில் போகவும் கூடாது.

வெடித்த ஹோஸைவிட நான் அஞ்சுவது ஊசித்துளை விழுந்த ஹோஸைத்தான். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். சிறு டிராக்டரின் ஹைட்ராலிக்கில் 150 முதல் 200 பார் வரை ஓடுகிறது. எண்ணெய் தோலைத் துளைக்க 7 பார் போதும். கசிவைக் கையால் தடவித் தேடினால் அது தோலுக்கடியில் ஏறிவிடும். முதலில் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் அதிகமிருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, உள்ளே திசு அழுகத் தொடங்கும். விரலையே எடுக்க வேண்டிவரலாம். டிடி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற காயமல்ல இது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், 'உயர் அழுத்த எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். நீட்டிப் பிடித்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்றிய ஹோஸை எறிந்துவிடாதீர்கள். மேல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து கம்பிப் பின்னல் தெரிந்தால், அது எதன் மேலோ உரசியிருக்கிறது. புதியதை மாட்டிய பின் லோடர் கைகளை மேலும் கீழும் இயக்கி, எங்கே உரசுகிறதென்று பாருங்கள். முனை இரும்பை ஒட்டியே கிழிந்திருந்தால் பெரும்பாலும் அங்கே வளைவு கடுமை. ஹோஸ் முழுக்க விறைத்து, வளைத்தால் வெடிப்பு தெரிந்தால் வெயிலும் சூடும் வயதும் சேர்ந்து செய்த வேலை. அப்படியானால் அதோடு மாட்டிய மற்றவற்றுக்கும் நாள் நெருங்கிவிட்டது.

கிரிம்பிங் கடைக்குப் பழைய ஹோஸையே கொண்டுபோங்கள். நீளம், மரை, முனையின் கூம்பு எல்லாம் அதில் இருக்கின்றன. மரை ஏறிவிட்டாலும் கூம்பின் கோணம் பொருந்தாவிட்டால் கசியத்தான் செய்யும். ஹோஸின் அளவு என்பது உள்விட்டம். 3/8 அங்குலம், அதாவது மூணு நூல் ஹோஸில் ஒற்றைக் கம்பிப் பின்னல் 180 பார் தாங்கும். இரட்டைப் பின்னல் 330 பார். லோடருக்கு இரட்டைப் பின்னலே சரி, விலை வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம். எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் தயாரானது என்பதும் பெரும்பாலும் மேலேயே அச்சிட்டிருக்கும். கடையில் வருடக்கணக்கில் கிடந்ததைத் தலையில் கட்டப் பார்த்தால் அது சொல்லிவிடும். கிளிப் போட்டு இறுக்குவதெல்லாம் அழுத்தம் குறைந்த குழாய்களுக்கு மட்டும்தான்.

வெட்டிய ஹோஸுக்குள் ரப்பர் தூளும் இரும்புத் தூளும் இருக்கும்; காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் வால்வும் பம்பும் கெடும். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளம் சற்றே மாறும். அதனால் விறைப்பாக இழுத்து மாட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். மேலே அச்சிட்ட கோடு நேராக ஓடினால் முறுக்கு விழவில்லை. இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. கூம்பு முனைக்கு டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம்; அங்கே கசிவைத் தடுப்பது மரை அல்ல, கூம்பு. உரசிய இடத்தில் நைலான் உறை போடுங்கள், அல்லது கிளாம்ப்பை நகர்த்துங்கள்.

பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, லோடரைச் சுமையில்லாமல் பல முறை ஏற்றி இறக்குங்கள். உள்ளே புகுந்த காற்று வெளியேறும். பல சிறு டிராக்டர்களில் ஹைட்ராலிக்கும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில்தான் ஓடுகின்றன. தரையில் கொட்டியது கியருக்கும் சேர்த்துக் குறைந்த எண்ணெய். பக்கெட்டை இறக்கி வைத்து டிப்ஸ்டிக் பார்த்து, கம்பெனி சொன்ன அதே வகை எண்ணெயை நிரப்பிய பிறகே சுமை ஏற்றுங்கள்.