பிரஷர் இல்லாத குழாய்கள்

சென்னை மயிலாப்பூரில் டாக்டரிடம் போனால் பிரஷர் கூடுதல் என்கிறார். பாத்திரக் கடையில் பிரஷர் குக்கருக்கு கேஸ்கட் கேட்டு நிற்கிறார்கள். வங்கக் கடலில் உருவாகும் தாழ்வழுத்தமோ நாலு நாளில் கரையைக் கடந்துவிடும். குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் குழாய்க்குள் அது வருஷம் முழுக்க நிலைகொண்டிருக்கிறது. பழைய வீடுகளின் வாசலில் இருக்கும் அடிபம்பு நிலத்தடி நீருக்கானது என்று வெளியூர்க்காரர் நினைப்பார். பல இடங்களில் அது தெருவில் ஓடும் மெட்ரோ லைனிலிருந்துதான் உறிஞ்சுகிறது. குழாயில் தண்ணீர் இருக்கிறது, ஏறி வரத் தெம்பில்லை. தி. நகர் அடுக்ககங்களில் அது தரைக்குக் கீழே இருக்கும் சம்புக்குள் வடிகிறது; அங்கிருந்து மோட்டார் மொட்டைமாடி டாங்குக்கு ஏற்றுகிறது. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு, தரைத்தளம் மட்டுமுள்ள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 மீட்டர் உயரம் ஏறும் அளவுக்காவது குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும் என்றது. அப்படி இருந்தால் இந்த சம்பும் மோட்டாரும் பல வீடுகளுக்குத் தேவைப்படாது.

தண்ணீரே இல்லாத ஊரில் அழுத்தத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து சேர்ந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும் வருஷத்திலும் குழாயில் சில மணி நேரம்தானே தண்ணீர் வருகிறது? இது பற்றாக்குறையைவிட விநியோக முறையின் கோளாறு. அதில் பெரிய கேடு, தண்ணீர் கெடுவது. அழுத்தம் உள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே கசியும். காலியாகக் கிடக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் வெளியே உள்ளது உள்ளே வரும்; அதே தெருவில்தான் கழிவுநீர்க் குழாயும் ஓடுகிறது. லைனிலேயே மோட்டார் போட்டு இழுப்பவர்கள் (தடை இருந்தும் இழுக்கிறார்கள்) பக்கத்து வீட்டின் பங்கை மட்டுமல்ல, சாக்கடையையும் சேர்த்து இழுக்கும் அபாயம் உண்டு. முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றும் பழக்கமும், ஆர்.ஓ. மெஷினும், கேன் தண்ணீரும் வந்தது சும்மா இல்லை.

குழாய் காலியாகாமல் இருக்க 24 மணி நேரமும் தண்ணீர் விட்டால் வீணடிப்பார்கள் என்பது அடுத்த வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் மீட்டர் கிடையாது, எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம். போதாததற்கு, அழுத்தம் கூடினால் பழைய குழாய்களில் ஒழுகலும் கூடும். ஆகவே குழாயை மாற்றி, மீட்டர் வைத்த பிறகே அழுத்தத்தை ஏற்ற முடியும். ஒரே நாளில் ஊர் முழுக்க நடக்காது. இன்றைய முறை மட்டும் சிக்கனமா என்ன? புதுத் தண்ணீர் வந்ததும் நேற்றுப் பிடித்ததைக் கொட்டுகிறோம், மோட்டாரை அணைக்க மறந்து டாங்கை வழியவிடுகிறோம். 24 மணி நேர விநியோகம் தனியாருக்குத் தாரைவார்க்கும் வேலை என்ற அச்சத்துக்கும் காரணம் உண்டு: கோவையில் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் 2018இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் போனது. ஆனால் ஒடிசாவின் புரியில் 2021 முதல் நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரைத் தருவது அந்த மாநில அரசின் சொந்த நிறுவனம்.

இந்த மாற்றத்தைத் தொடங்க இடமா இல்லை? நெம்மேலியில் 2013இல் கடல்நீரை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டரில் இரண்டாவது. மழையை நம்பாத தண்ணீர் இது. கடல்நீரைச் சவ்வு வழியே தள்ள வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 60 மடங்கு கொடுத்து, அதற்கான மின்சாரத்தையும் செலவழித்து எடுக்கிறோம். அப்படி எடுத்ததைத் தெருமுனைக்கு வந்ததும் ஒரு பள்ளத்தில் வடியவிட்டு, மறுபடி கரண்ட் செலவழித்து மாடிக்கு ஏற்றுகிறோம். இதை மாற்ற, முதலில் அடையாறில் ஒரு வார்டை எடுத்துக்கொண்டு குழாயையும் மீட்டரையும் மாற்றிப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவைக் கூட்டும்போது, அந்த வார்டின் அடுக்ககங்கள் மோட்டாருக்கும் தண்ணீர் லாரிக்கும் கேனுக்கும் இன்று கொடுப்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.