கழற்றக் கழற்ற வேகம்

1972 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் ‘911 கரேரா ஆர்எஸ் 2.7’ என்ற புதிய காரைக் காட்சிக்கு வைத்தது. பந்தயத்தில் இறங்க வேண்டுமானால் விதிப்படி 500 கார்களாவது தயாரித்தாக வேண்டும். அத்தனை விற்குமா என்று விற்பனைப் பிரிவினருக்கே சந்தேகம். ஆனால் நவம்பர் முடிவதற்குள் ஐந்நூறும் விற்றுவிட்டன. அடுத்த ஜூலைக்குள் எண்ணிக்கை 1,580-ஐத் தொட்டது.

காரின் விலை 34,000 மார்க். கூடுதலாக 2,500 மார்க் கட்டினால் வழக்கமான வசதிகள் கொண்ட ‘டூரிங்’ கிடைக்கும். 700 மார்க் கட்டினால் ‘ஸ்போர்ட்’. இந்த 700 மார்க்குக்கு என்ன தந்தார்கள் என்பதைவிட எதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சுவாரசியம். பின்னிருக்கை இல்லை. தரைவிரிப்பு இல்லை. கடிகாரம், கோட் மாட்டும் கொக்கி, கதவில் கை வைத்துக்கொள்ளும் திண்டு, எதுவும் இல்லை. கதவின் உட்புறம் ஒரு வெறும் பலகை. கதவைத் திறக்க ஒரு வார், இழுத்துச் சாத்த ஒரு சாதாரணப் பிடி, அவ்வளவுதான். தகடும் கண்ணாடியும் மெல்லியவை. இரைச்சலைத் தடுக்கும் பட்டைகளையும் உரித்துவிட்டார்கள். பானெட்டின் நுனியில் இருக்கும் நிறுவனச் சின்னம்கூட உலோகத்தில் இல்லை, ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள்.

இரண்டுக்கும் ஒரே இன்ஜின்தான்: 2.7 லிட்டர், 210 குதிரைத்திறன். டூரிங்கின் எடை 1,075 கிலோ. ஸ்போர்ட் அதைவிட நூறு கிலோவுக்கும் மேல் குறைவு, 960 கிலோ. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட டூரிங்குக்கு 6.3 விநாடி, ஸ்போர்ட்டுக்கு 5.8 விநாடி. இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் அரை விநாடி மிச்சம். பந்தயத்தில் அரை விநாடி என்பது பெரிய தூரம்.

வேகத்துக்கு இன்ஜின் சக்திதான் எல்லாம் என்று பலரும் நினைக்கிறார்கள். சக்தி நேரான சாலையில், அதுவும் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கும்போது மட்டுமே உதவும். எடைக்குறைப்பு எல்லா நேரத்திலும் உதவும். பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,500 கிலோ காரிடம் உள்ள இயக்க ஆற்றல், அதே வேகத்தில் வரும் 1,000 கிலோ காருடையதைப் போல ஒன்றரை மடங்கு. கார் நிற்க வேண்டுமானால் அத்தனையையும் பிரேக் தட்டுகள் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டும். பந்தயத்தடத்தில் சுற்றுக்குச் சுற்று இது நடக்கும்போது கனமான காரின் பிரேக் முதலில் சூடேறித் தளரும்.

வளைவில் நடப்பது இன்னும் நுட்பமானது. டயர் மீது எடை கூடினால் அதன் பிடிமானமும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் எடை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை; அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. காரை வளைவுக்கு வெளியே தள்ளும் விசையோ எடைக்கு ஏற்ப முழுமையாகக் கூடிவிடுகிறது. ஒரே டயரைப் போட்ட இரண்டு கார்களில் இலேசானது வேகமாக வளைவதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு எடையைக் குறைத்தோம் என்பதோடு எங்கே குறைத்தோம் என்பதும் முக்கியம். தண்ணீர்க்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்புவதற்கும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு காருக்கும் உண்டு. 2003-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல் காரின் கூரையைக் கார்பன் ஃபைபரில் செய்தார்கள். காரின் மிக உயரமான இடத்தில் குறையும் சில கிலோ, புவியீர்ப்பு மையத்தையே கீழே இறக்கும். அதே காரின் டிக்கித் தரை காகிதத் தேன்கூட்டு அட்டையால் ஆனது. மொத்தத்தில் 110 கிலோ குறைந்தது. இன்னொரு முக்கியமான இடம் சக்கரம். சக்கரம், டயர், பிரேக் எல்லாம் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. அவை கனமாக இருந்தால் மேடுபள்ளத்தில் டயரைச் சாலையோடு ஒட்டி வைக்க ஸ்பிரிங் திணறும். மேலும் சக்கரம் முன்னோக்கி ஓடுவதோடு சுழலவும் வேண்டும் என்பதால், அதன் ஒவ்வொரு கிராமையும் முடுக்குவதற்கு இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

பாகங்களைக் கழற்றுவது ஒரு வழி. முதலிலேயே கனமில்லாமல் யோசிப்பது அதைவிட உயர்ந்த வழி. அதில் பெயர் பெற்றவர் லோட்டஸ் நிறுவனர் காலின் சேப்மன். 1957-இல் வந்த அவருடைய லோட்டஸ் செவன் அரை டன்னைச் சுற்றியே எடை கொண்டது. மிகச் சாதாரணமான இன்ஜினை வைத்துக்கொண்டே பெரிய கார்களை மிரட்டியது. காரின் எடை குறைந்தால் சிறிய பிரேக் போதும், மெல்லிய ஸ்பிரிங் போதும், சிறிய பெட்ரோல் டேங்க் போதும். அவற்றால் எடை மேலும் குறையும். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் இந்தச் சிந்தனையின் நேர் வாரிசு. அலுமினியச் சட்டங்களை வெல்டிங் செய்யாமல் எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சேசிஸின் எடை 68 கிலோதான். 118 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட அந்தக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏறக்குறைய ஆறு விநாடியில் தொட்டது.

இதே கணக்கைக் கோயம்புத்தூரில் போட்டுப் பார்த்தவர் எஸ். கரிவரதன். வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்ய இங்கே யாருக்கும் கட்டுப்படியாகாத காலம். தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை எடுத்து, இலேசான ஒற்றையாள் பந்தயக் காரில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைப் பந்தயத்தில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவையின் பந்தயத்தடம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்திய மோட்டார் பந்தயம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

எடைக்குறைப்பை வெறியின் எல்லைக்குக் கொண்டுபோனவர் ஃபெர்டினாண்ட் பியெக். 1960களின் பிற்பகுதியில் போர்ஷேயின் பந்தயக் கார்களை உருவாக்கிய குழுவுக்கு அவர்தான் தலைவர். 1968-இல் வந்த 909 என்ற மலையேற்றப் பந்தயக் காரின் எடை 400 கிலோவைச் சுற்றியே இருந்தது. அந்தக் காலத்து மலையேற்றக் கார்களுக்குப் பெரிலியத்தில் பிரேக் தட்டு செய்தார்கள். இரும்பைவிடப் பல மடங்கு இலேசான உலோகம். ஆனால் அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. 909-இல் பெட்ரோல் பம்ப் கிடையாது. டைட்டானிய உருண்டைக்குள் இருந்த எரிபொருளை நைட்ரஜன் அழுத்தம் தள்ளியது. எங்காவது எஃகு ஒளிந்திருக்கிறதா என்று கையில் காந்தத்துடன் காரைச் சுற்றி வருவார்களாம். 917 காரில் கியர் தண்டின் குமிழ் பால்சா மரம். அதன் சேசிஸ் மெல்லிய அலுமினியக் குழாய்களால் ஆனது. குழாய்க்குள் வாயுவை அடைத்து வைத்திருப்பார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ விரிசல் என்று அர்த்தம்.

எடைக்குறைப்பு ஆபத்தானது என்ற பயம் வீண் பயமல்ல. 1968 ஜூலையில் பிரான்சின் ரூவான் தடத்தில் ஜோ ஷ்லெஸ்ஸர் ஓட்டிய ஹோண்டா ஆர்ஏ302, ஈரத்தில் சறுக்கி மேட்டில் மோதித் தீப்பிடித்தது. அதன் உடல் மெக்னீசியம். எடை குறைவு, ஆனால் பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். ஷ்லெஸ்ஸர் அங்கேயே இறந்தார். அந்தக் கார் பாதுகாப்பானதல்ல என்று அதை ஓட்ட முன்பே மறுத்திருந்தார் ஜான் சர்ட்டீஸ். சேப்மனின் கார்களும் அடிக்கடி முறிந்தன. சில கிலோ கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களைப் பலப்படுத்துங்கள் என்று 1969-இல் அவருக்குக் கடிதம் எழுதினார் லோட்டஸ் ஓட்டுநர் யோகன் ரிண்ட். அடுத்த ஆண்டு மோன்சாவில் பயிற்சியின்போது லோட்டஸ் 72-இல் அவர் உயிரிழந்தார். முன்பக்கப் பிரேக்கின் தண்டு முறிந்ததே காரணம் என்று கருதப்பட்டது. இந்தச் சாவுகளைத் தொழில்நுட்பத்தின் விலை என்று சொல்லிக் கடந்துபோவது சரியல்ல. ஒரு பொருளின் ஆபத்தையோ ஒரு பாகம் தாங்கும் சுமையையோ முழுமையாக அறியாமல் எடையைக் குறைத்ததன் விளைவுகள் அவை.

இலேசும் வலிமையும் ஒன்றாக வர முடியும் என்று காட்டியது கார்பன் ஃபைபர். 1981-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1, முழுக் கார்பன் உடற்கூடு கொண்ட முதல் ஃபார்முலா ஒன் கார். மோதினால் தூள்தூளாகிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அதே ஆண்டு மோன்சாவில் ஜான் வாட்சனின் கார் மோதி இரண்டாகப் பிளந்தது. அவர் காயமில்லாமல் இறங்கி நடந்தார். பேச்சு அத்தோடு ஓய்ந்தது.

ஃபார்முலா ஒன்னில் எடைச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2023-இல் மெர்சிடிஸ் தன் காரின் பெரும்பகுதிக்கு வண்ணமே பூசாமல் கறுப்புக் கார்பனை அப்படியே விட்டது. பெயின்டின் எடையை மிச்சப்படுத்தத்தான். மனித உடலும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. உயரமான ஓட்டுநர்கள் பல ஆண்டுகள் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தார்கள். 2019-இல் விதி மாறியது: ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ, குறைந்தால் எடைக்கட்டி வைக்க வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி.

சாலைக் கார்களோ எதிர்த்திசையில் போகின்றன. 2018-இன் பிஎம்டபிள்யூ எம்5 காருக்கு 600 குதிரைத்திறன், எடை 1,900 கிலோவை ஒட்டி. 2024-இல் வந்த புதிய எம்5 ஹைபிரிட். 727 குதிரைத்திறன், எடை 2,400 கிலோவுக்கு மேல். முன்னது நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.4 விநாடியில் தொட்டது; புதியதுக்கு 3.5. கூடுதலாகக் கிடைத்த 127 குதிரைகளையும் கூடிய எடை தின்றுவிட்டது. ஏர்பேக், மோதலைத் தாங்கும் சட்டங்கள் ஆகியவற்றால் கூடிய எடையைக் குறை சொல்ல முடியாது, அவை உயிர் காக்கின்றன. எல்லா எடையும் அப்படிப்பட்டதல்ல.

தங்கள் காரை இலேசாக்க விரும்பும் இளைஞர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பின்னிருக்கையைக் கழற்றுவது, பம்பரை அறுப்பது என்று இறங்குவதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாகக் காரை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் காரின் வெற்று எடையும் பதிவாகியிருக்கிறது. பந்தயத்தடத்துக்கு மட்டும் போகும் கார் என்றால் கதை வேறு. அதிலும் சீட் பெல்ட்டையும் ஏர்பேக்கையும் தொடக்கூடாது. தடத்துக்கு உரிய ரோல் கேஜும் பல பட்டை பெல்ட்டும் போட்ட பிறகே அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். சாலையில் ஓடும் காருக்குச் செலவே இல்லாத வழி, டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான்களை இறக்குவது. அடுத்தது சக்கரம். அழகுக்காக 15 அங்குலத்திலிருந்து 17 அங்குல அலாய்க்கு மாறுபவர்கள், புதிய சக்கரம் பழைய இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாக இருக்கக்கூடும் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கடைக்காரரிடம் விலை கேட்கும்போதே, டயரோடு சேர்த்து இரண்டையும் தராசில் வைத்துக் காட்டச் சொல்லலாம்.