சர்வர் கடிகாரம்: மெதுவாகத் திருத்துவதே நல்லது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வெகு சீக்கிரம் பழகிக் கொள்வது டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் தெரியும் நேரத்தைத்தான். அந்த நேரம் இரண்டு நிமிடம் தவறாக இருந்தால் என்ன செய்வோம்? மவுஸை எடுத்து, சரியான நேரத்தைக் கொடுத்து, ஓகே தட்டிவிடுவோம். வீட்டுக் கம்ப்யூட்டரில் இதனால் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் வராது. ஆனால் பல கம்ப்யூட்டர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சர்வரில் இதையே செய்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். அந்த அனுபவத்தையும், கடிகாரத்தைச் சரியாகத் திருத்தும் முறையையும் இங்கு பார்க்கலாம்.

ஏழு நிமிடம் செய்த வேலை

என் உறவினர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பில் போட இரண்டு கம்ப்யூட்டர்கள். உள்ளறையில் சிறிய சர்வர் ஒன்று. பில்கள் எல்லாம் சர்வரில்தான் சேரும். ஒரு நாள் மதியம் அங்கு போயிருந்தபோது, பில்லில் அச்சாகும் நேரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடுகிறது என்றார். "இவ்வளவுதானே" என்று சர்வரின் முன் உட்கார்ந்தேன். அதில் 1.36. என் மொபைலில் 1.29. சர்வரையும் 1.29 என்று மாற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

இரவு கடை மூடும் நேரத்தில் கணக்கு உதைத்தது. கம்ப்யூட்டர் காட்டிய வசூலைவிடக் கல்லாவில் 18 ஆயிரத்துச் சொச்சம் குறைவு. கல்லாவில் இருந்த பையன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் பார்வையும் அவன் பக்கமே போயிருக்கிறது. கடைசியில் அவனே சட்டைப் பையையும் பேன்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டியிருக்கிறான்.

எனக்குப் போன் வந்தது. போய்ப் பதிவுகளை வரிசை எண்படி எடுத்துப் பார்த்தேன். காலை ஷிப்டின் வசூலைக் கூட்டி நாள் கணக்கில் சேர்க்கும் வேலையைப் பில்லிங் புரோகிராம் தினமும் 1.30க்குத் தானாகவே செய்யும். அன்று நான் கை வைக்கும் முன்பே அதைச் செய்து முடித்திருந்தது. நான் கடிகாரத்தை 1.29க்குத் தள்ளியதும், ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் 1.30 வந்தது. புரோகிராம் அதே தொகையை மறுபடியும் சேர்த்தது. இல்லாத பணத்தைத்தான் எல்லோரும் தேடிக் கொண்டிருந்தார்கள்! ஒரே நாளில் இரண்டு முறை கணக்கு முடிக்காதபடி அந்தப் புரோகிராமை எழுதியிருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியது நான். அந்தப் பையனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

கடிகாரம் ஏன் தவறுகிறது?

கம்ப்யூட்டரை அணைத்த பின்னும் நேரத்தைக் காத்து வைக்க மதர்போர்டில் ஒரு சிறிய கடிகாரம் உண்டு. பொத்தான் வடிவில் உள்ள பேட்டரியில் (பெரும்பாலும் சிஆர் 2032 வகை) அது இயங்குகிறது. அதில் உள்ள குவார்ட்ஸ் கிரிஸ்டல் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இதனிடம் நேரத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டு, பிறகு தானே எண்ணத் தொடங்குகிறது. அந்த எண்ணிக்கைக்கும் ஒரு கிரிஸ்டல்தான் ஆதாரம்.

எந்தக் கிரிஸ்டலும் நூற்றுக்கு நூறு சரியாக அதிராது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதன் வேகம் சிறிது மாறும். 10 லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிழை இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.7 வினாடி தவறும். கேட்கச் சிறியதுதான். ஆனால் எட்டு மாதத்தில் அது ஏழு நிமிடமாகிவிடும். அந்த மருந்துக்கடை சர்வரில் நேரத்தைத் தானாகச் சரிபார்க்கும் வசதியை யாரும் இயக்கி வைக்கவில்லை.

நெட்வொர்க்கில் நேரம் கேட்கும் முறை

இதற்கென்று உள்ள வழிமுறைதான் நெட்வொர்க் டைம் புரோட்டோகால். சுருக்கமாக என்டிபி என்பார்கள். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது இது. இதன் முதல் வரையறை 1985ல் வெளியானது. அவர் 2024ல் காலமானார். இன்றும் உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்கள் அவர் வகுத்த வழியில்தான் நேரம் கேட்கின்றன.

"மணி என்ன?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் நேரம் ஓடிவிடுமே என்று தோன்றுகிறதா? அதற்கும் கணக்கு உண்டு. நம் கம்ப்யூட்டர் கேள்வியை அனுப்பிய நேரம், டைம் சர்வருக்கு அது கிடைத்த நேரம், டைம் சர்வர் பதில் அனுப்பிய நேரம், நமக்குப் பதில் வந்த நேரம் என நான்கும் குறிக்கப்படுகின்றன. கேள்வி அனுப்பிப் பதில் வர மொத்தம் 90 மில்லி வினாடி ஆனது என்று வைத்துக் கொள்வோம். அதில் 10 மில்லி வினாடி டைம் சர்வரில் கழிந்தது. மீதி 80 வழியில் ஆனது. போக 40, வர 40 என்று பாதியாகப் பிரித்துக் கொண்டால், டைம் சர்வர் எழுதி அனுப்பிய நேரத்தோடு 40 மில்லி வினாடி சேர்த்ததே இப்போதைய சரியான நேரம். இப்படி ஒரு முறை அல்ல, பல முறை, பல டைம் சர்வர்களிடம் கேட்டு, மற்றவற்றோடு ஒத்து வராத பதிலைத் தள்ளிவிடும்.

தாவுவதா, நடையை மாற்றுவதா?

வித்தியாசம் தெரிந்துவிட்டது. இனி அதை எப்படித் திருத்துவது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே தாவலில் சரியான நேரத்துக்குப் போவது. நான் கையால் செய்தது இதுதான். மற்றொன்று, கடிகாரத்தின் வேகத்தைச் சிறிது கூட்டி அல்லது குறைத்து, மெல்ல மெல்லச் சரியான நேரத்தோடு சேர்ப்பது.

நண்பருடன் நடக்கும்போது நீங்கள் சற்று முன்னால் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? பின்னோக்கி நடப்பதில்லை. நடையைச் சிறிது குறைக்கிறீர்கள். அவர் வந்து சேர்ந்து கொள்கிறார். இரண்டாவது வழியும் இதுவே. இதில் கடிகாரம் ஒருபோதும் பின்னால் போகாது. எந்த நிமிடமும் இரண்டு முறை வராது. எந்த நிமிடமும் விட்டுப் போகாது. கடிகாரம் பின்தங்கியிருந்து, அதை முன்னால் தள்ளினாலும் தொல்லைதான் என்பதைக் கவனியுங்கள். 1.28ல் இருந்து 1.35க்குத் தாவினால் 1.30க்குச் செய்ய வேண்டிய வேலை விட்டுப் போகலாம்.

நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் என்டிபிடி என்ற புரோகிராம் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. வித்தியாசம் 128 மில்லி வினாடிக்குள் இருந்தால் மெதுவாகத் திருத்தும். அதைத் தாண்டி நீடித்தால் தாவிவிடும். 1,000 வினாடிக்கு மேல் போனால் எதையும் செய்யாமல் வேலையை நிறுத்திவிடும். மனிதர் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று பொருள். மெதுவாகத் திருத்தும்போது அதன் அதிகபட்ச வேகம் வினாடிக்கு அரை மில்லி வினாடி. இதன்படி ஆகும் காலத்தைப் பாருங்கள்.

1 வினாடியைத் திருத்த: 33 நிமிடம் 20 வினாடி
1 நிமிடத்தைத் திருத்த: 33 மணி 20 நிமிடம்
7 நிமிடத்தைத் திருத்த: 9 நாள் 17 மணி 20 நிமிடம்

அந்தச் சமயத்தில் சர்வரின் ஒரு மணி நேரம் உண்மையான ஒரு மணி நேரத்திலிருந்து 1.8 வினாடி மட்டுமே மாறியிருக்கும். பில்லிங் புரோகிராமுக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடம்

பூமியின் சுழற்சியோடு உலக நேரத்தைப் பொருத்த, சில ஆண்டுகளில் 1 வினாடியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசியாக அப்படிச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 அன்று. இந்திய நேரப்படி அது 2017 ஜனவரி 1 காலை 5.30 மணி. அந்த நொடியில் பல கம்ப்யூட்டர்களின் நேரம் 1 வினாடி பின்னால் போனது. கிளவுட்பிளேர் நிறுவனத்தின் சில சர்வர்களில், முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தபோது விடை பூஜ்யத்துக்குக் கீழே போய், இணையதள முகவரிகளைத் தேடித் தரும் புரோகிராம் தடுமாறியது. நேரம் பின்னால் போகாது என்று நம்பி அது எழுதப்பட்டிருந்ததே காரணம். கூகுள் நிறுவனமோ அந்த 1 வினாடியைப் பல மணி நேரத்தில் சிறிது சிறிதாகப் பரப்பித் தன் சர்வர்களைக் காத்துக் கொண்டது. நடையை மாற்றும் அதே வழிதான்.

இந்தியாவில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு பிறப்பித்தது. இன்டர்நெட் சேவை நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் மற்ற நிறுவனங்களும் தேசிய தகவலியல் மையம் அல்லது புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு, அல்லது அவற்றுடன் ஒத்துப் போகும் சர்வர்களோடு, தங்கள் கம்ப்யூட்டர் கடிகாரங்களைப் பொருத்த வேண்டும் என்றது. ஒரு தாக்குதல் நடந்தால், எது முதலில் நடந்தது என்று பதிவுகளை வைத்துத்தானே கண்டுபிடிக்க வேண்டும்!

அப்படியென்றால் எதைச் செய்வது?

வித்தியாசம் சிறிதாக இருந்தால் மெதுவாகத் திருத்த விடுங்கள். நிமிடக் கணக்கில் இருந்தால் பத்து நாள் காத்திருக்க முடியாது, தாவத்தான் வேண்டும். ஆனால் அதை யாரும் வேலை செய்யாத நேரத்தில் செய்ய வேண்டும். அன்று நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: கடை மூடும் வரை பொறுத்திருந்து, பேக்கப் எடுத்து, பில்லிங் புரோகிராமை நிறுத்தி, கடிகாரத்தைத் திருத்தி, பிறகு எல்லாவற்றையும் தொடங்குவது. அதன்பின் என்டிபி வசதியை இயக்கி வைத்துவிட்டால், வித்தியாசம் மில்லி வினாடிகளைத் தாண்டி வளரவே வளராது. மறுபடியும் தாவ வேண்டிய தேவையே வராது.

இப்போது அந்த லினக்ஸ் சர்வரில் குரோனி என்ற புரோகிராம் ஓடுகிறது. அதில், தொடங்கியவுடன் முதல் மூன்று சரிபார்ப்புகளில் மட்டும், வித்தியாசம் 1 வினாடிக்கு மேல் இருந்தால் தாவலாம். அதன் பிறகு மெதுவாக மட்டுமே திருத்த வேண்டும் என்று அமைக்கப்பட்டுள்ளது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் டேட் அண்ட் டைம் கிளிக் செய்திடவும். நேரத்தைத் தானாக அமைத்திடும் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கட்டும். உடனே சரிபார்க்க சிங்க் நவ் பட்டனை அழுத்தவும்.

நேரம் சரியாக ஐந்தரை மணி தவறினால் கடிகாரத்தின் மீது பழி போட வேண்டாம். டைம் சோன் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்ற வரி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருந்தாலும் இப்படி ஆகலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பழைய ஆண்டு ஒன்று தெரிந்தால் மதர்போர்ட் பேட்டரியை மாற்றவும். தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்களைக்கூட பிரவுசர் திறக்க மறுக்கும்.

நேரம் தவறாகத் தெரிந்தவுடன் கை தானாக மவுஸுக்குப் போகும். அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்ளுங்கள்: இந்தக் கடிகாரத்தைப் பார்த்து வேறு எந்த வேலையெல்லாம் நடக்கிறது? ஒன்றும் இல்லை என்றால் தாராளமாக மாற்றலாம். இருந்தால், கடை மூடும் வரை பொறுத்திருங்கள்.